தாங்கல் கரைசலின் பிஎச் தப்பாக வருகிறதா? விடையே காட்டிக்கொடுக்கும்

தாங்கல் கரைசல், அதாவது கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் அதிகம் நகராத கரைசல், பற்றிய கணக்கில் தப்பு விடைகள் ஆயிரம் விதமாக வருவதில்லை. மொத்தமே பத்துப் பதினைந்து விதம்தான். அவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. விடைத்தாளில் 4.44 என்று பார்த்ததுமே, மேலே எழுதியதைப் படிக்காமலே, எங்கே வழுக்கியது என்று சொல்லிவிடலாம். பல வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அயனிச் சமநிலை நடத்தினால் யாருக்கும் இந்தக் கண் வந்துவிடும். அதனால் இங்கே பாடத்தை முதலிலிருந்து நடத்தப் போவதில்லை. உங்களுக்கு வந்த விடை எப்படித் தப்பாக இருக்கிறது என்று பாருங்கள், அதற்கான இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒரே ஒரு கணக்கை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஒரு கரைசலில் அசிட்டிக் அமிலம் 0.1 மோலார், சோடியம் அசிடேட் 0.2 மோலார். அமிலத்தின் பிரிகை மாறிலி, அதாவது கேஏ, 1.8 × 10⁻⁵. அப்படியானால் பிகேஏ, அதாவது கேஏயின் மைனஸ் லாக், 4.74. உப்பு என்று கீழே சொல்வது சோடியம் அசிடேட்டை. இந்தக் கணக்குக்கான சமன்பாடுதான் ஹெண்டர்சன் சமன்பாடு:

பிஎச் = பிகேஏ + லாக் ([உப்பு] ÷ [அமிலம்])
= 4.74 + லாக் (0.2 ÷ 0.1)
= 4.74 + 0.30 = 5.04

கணக்கில் கை வைக்கும் முன்பே இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உப்பும் அமிலமும் சமமாக இருந்தால் பிஎச் பிகேஏவேதான். உப்பு கூடினால் விடை அதற்கு மேலே போகும், அமிலம் கூடினால் கீழே இறங்கும். பத்து மடங்கு கூடினாலும் நகர்வது ஒரு அலகுதான். ஆக, ஒழுங்கான அசிடேட் தாங்கல் எதுவானாலும் 3.74 முதல் 5.74 வரைக்குள் நிற்க வேண்டும். விடை அந்த வேலியைத் தாண்டினால் உடனே சந்தேகப்படுங்கள்.

விடை 5.05 அல்லது 5.06 என்று வருகிறது

இது பிழையே இல்லை. பிகேஏவை 4.7447 என்று முழுசாக வைத்துக் கூட்டினால் 5.05 வரும். சில புத்தகங்கள் பிகேஏவை 4.76 என்றே தருகின்றன, அதில் 5.06. கேள்வியில் தந்த மதிப்பை எடுத்துக்கொண்டு நகருங்கள். இதற்காக அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடை 4.44: தூரம் சரி, திசை தப்பு

பிகேஏவிலிருந்து 0.30 தள்ளியிருக்க வேண்டும், தள்ளியும் இருக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கம். பின்னம் தலைகீழாகிவிட்டது; அமிலத்தை மேலே எழுதியிருப்பீர்கள். எது மேலே என்று உருப்போடத் தேவையில்லை. அசிடேட் அயனி ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ளும் காரம். அது அதிகமிருந்தால் பிஎச் ஏறத்தானே வேண்டும்? லாக்கின் முன்னால் கூட்டல் குறி இருந்தால் உப்பு மேலே. கேஏவிலிருந்து ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் கண்டுபிடிக்கும் முறையில் மட்டும் அமிலம் மேலே வரும், ஏனென்றால் அங்கே இன்னும் மைனஸ் லாக் எடுக்கவில்லை. இந்த இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் பாதிப் பேருக்கு இந்தத் தப்பு வருகிறது.

விடை 2.87 அல்லது 9.02

2.87 வந்தால் உப்பு இருப்பதையே மறந்துவிட்டீர்கள். கேஏயையும் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் வாய்பாடு, தனியாக இருக்கும் அமிலத்துக்கானது. அங்கே ஹைட்ரஜன் அயனியும் அசிடேட் அயனியும் அமிலம் பிரிந்துதான் வர வேண்டும், அதனால் இரண்டும் சமம். இங்கேயோ அசிடேட் 0.2 மோலார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. பொது அயனி விளைவால் அமிலம் பிரிவது அமுங்கிப்போகிறது. ஹைட்ரஜன் அயனி 9 × 10⁻⁶ மோலார் அளவுக்குத்தான் இருக்கும். 9.02 வந்தால் கதை தலைகீழ்: அமிலத்தை மறந்து உப்பின் நீராற்பகுப்பை, அதாவது அசிடேட் நீரோடு வினைபுரிவதை, மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்கள்.

விடை மைனஸில், அல்லது நம்ப முடியாத எண்ணாக

−2.25 வருகிறதா? கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடவில்லை. லாக் 0.2 என்று தட்டி, பிறகு 0.1ஆல் வகுத்தால், கருவி முதலில் லாக் 0.2ஐக் கண்டுபிடித்துவிடும் (−0.699), அதை 0.1ஆல் வகுத்து −6.99 ஆக்கிவிடும். முதலில் வகுத்து 2 என்று எழுதிக்கொண்டு, அதற்கு லாக் பாருங்கள்.

5.43 வந்தால் பத்தடிமான லாக்குக்குப் பதில் இயல் மடக்கையைத் தட்டியிருக்கிறீர்கள். 0.30 வர வேண்டிய இடத்தில் 0.69 வந்திருக்கும், எந்தக் கணக்கானாலும் பிகேஏவிலிருந்து தள்ளியிருக்கும் தூரம் 2.303 மடங்காகிவிடும், அதுதான் அடையாளம். கணினியில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் கண்ணி உண்டு. எக்செல்லில் வெறும் லாக் என்றால் பத்தடிமானம். பைத்தானில் வெறும் லாக் என்றால் இயல் மடக்கை.

இனி லாக் டேபிள். கால்குலேட்டர் இல்லாத தேர்வறையில் பிறக்கும் தப்புகளில் பெரும்பங்கு இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உப்பு 0.1, அமிலம் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 0.5. டேபிளில் 50க்கு நேரே 6990 இருக்கிறது. 0.5 ஒன்றைவிடச் சிறியது என்பதால் முன்னால் தலையில் கோடு போட்ட 1, அதாவது பார் ஒன்று. ஆக லாக் 0.5 என்பது பார் 1.6990. இதுவரை எல்லோரும் சரியாக வந்துவிடுகிறார்கள்.

அடுத்த வரியில்தான் மூன்று பாதை பிரிகிறது. பாரைப் பார்க்காமல் 1.699 என்று கூட்டுகிறவருக்கு 6.44 வரும். பாரை மொத்த எண்ணுக்குமான மைனஸ் என்று நினைத்து 1.699ஐக் கழிக்கிறவருக்கு 3.04 வரும். உண்மையில் பார் அந்த 1க்கு மட்டும்தான். புள்ளிக்குப் பின்னால் இருப்பது எப்போதும் பிளஸ். அதனால் −1 + 0.699 = −0.301. விடை 4.44, இந்தக் கணக்குக்கு அது சரியான விடை.

இதே தப்பு பிகேஏ கண்டுபிடிக்கும் இடத்திலும் ஒளிந்திருக்கும். 1.8 × 10⁻⁵இன் லாக் பார் 5.2553. மைனஸ் போட்டதும் 5.2553 என்று எழுதிவிடுகிறார்கள். சரியானது 5 − 0.2553 = 4.7447. கேஏயின் முன்னெண் 1ஐவிடப் பெரியதாக இருந்தால் பிகேஏ அடுக்கு எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அடுக்கு 5 என்றால் பிகேஏ நாலே சொச்சம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கொள்ளளவு வரும் கணக்கில் 0.30 இடிக்கிறது

0.1 மோலார் அமிலம் 100 மிலி, 0.2 மோலார் சோடியம் அசிடேட் 50 மிலி, இரண்டையும் கலக்கிறோம். பிஎச் என்ன? அவசரக்காரர்கள் 0.2ஐ 0.1ஆல் வகுத்து 5.04 என்பார்கள். கலந்த பிறகு இருப்பது அமிலம் 10 மில்லிமோல், உப்பும் 10 மில்லிமோல். விடை 4.74. பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் செறிவு, கலந்த கணமே காலாவதி. செறிவைக் கொள்ளளவால் பெருக்கி மில்லிமோலாக மாற்றிக்கொண்டு விகிதம் போடுங்கள். மொத்தக் கொள்ளளவு 150 மிலி என்பது மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடும், அதால் வகுக்கவே வேண்டாம்.

சோடியம் ஹைட்ராக்சைடு வந்தால் விடை உதைக்கிறது

மதிப்பெண் அதிகம் பறிபோகும் இடம் இது. கேள்வி இப்படி இருக்கும்: 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மிலி, அதில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 30 மிலி சேர்க்கப்படுகிறது. உப்பு என்ற சொல்லே கேள்வியில் இல்லை.

உங்கள் விடை 4.52 என்றால், உப்பு 3, அமிலம் 5 என்று போட்டிருக்கிறீர்கள். உப்பு 3 என்பது சரிதான். ஆனால் அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன? அமிலத்தைத் தின்றுதானே வந்தன! ஐந்து மில்லிமோல் அமிலத்தில் மூன்று போய்விட்டது, மிச்சம் இரண்டு. விகிதம் 3 ÷ 2 = 1.5, அதன் லாக் 0.18, விடை 4.92.

காரம் வலிமையானது, வினை முழுமையாக நடந்து முடியும். அதனால் முதலில் வெறும் கூட்டல் கழித்தல், பிறகுதான் சமநிலை. நான் பிள்ளைகளிடம் மூன்று வரி எழுதச் சொல்வேன்: சேர்க்கும் முன் எவ்வளவு, வினையில் போனது எவ்வளவு, முடிந்தபின் மிச்சம் எவ்வளவு. அமிலம் 5, 3, 2. காரம் 3, 3, 0. உப்பு 0லிருந்து 3. மூன்றாவது எண்ணை மட்டும் சமன்பாட்டுக்குள் விடுங்கள். இந்த மூன்று வரி எழுதியவன் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டு நான் பார்த்ததில்லை, எழுதாமல் மனக்கணக்காகப் போட்டவன் சரியாகப் போட்டது அபூர்வம்.

கால்குலேட்டர் பிழை என்று காட்டினாலோ, லாக்குக்குள் மைனஸ் எண் வந்தாலோ, உங்களிடம் தாங்கல் கரைசலே இல்லை என்று அர்த்தம். அதே அமிலத்தில் காரம் 50 மிலி ஊற்றினால் அமிலம் பூஜ்யம். கரைசலில் 0.05 மோலார் உப்பு மட்டும். நீராற்பகுப்புக் கணக்குப் போட்டால் 8.72. இன்னும் 5 மிலி ஊற்றி 55 ஆக்கினால் 0.5 மில்லிமோல் காரம் உபரி. 105 மிலியில் அது பரவியிருக்கிறது, பிஎச் 11.68. ஹெண்டர்சன் சமன்பாடு அமிலமும் உப்பும் இரண்டுமே மிச்சமிருக்கும் வரைக்கும்தான். பியூரெட்டில் பாதித் தூரம், அதாவது 25 மிலியில், பிஎச் பிகேஏவுக்குச் சமம். பிகேஏவையே ஆய்வகத்தில் அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.

எதிர்த்திசையிலும் இதே வேலை. 0.1 மோலார் சோடியம் அசிடேட் 40 மிலியில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மிலி. வலிமை குறைந்த அமிலம் எங்கேயும் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அசிடேட்டில் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமாக மாறும். உப்பு 3, அமிலம் 1, விடை 5.22.

அமிலம் சேர்த்தபின் 4.65க்குப் பதில் 4.69

ஒரு லிட்டரில் அமிலமும் உப்பும் 0.1 மோல் வீதம், அதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கிறோம். 4.69 வந்தால் உப்பைக் குறைத்தீர்கள், அமிலத்தைக் கூட்டவில்லை. 0.09 ÷ 0.11, விடை 4.65. பிஎச் ஏறிவிட்டதாக விடை வந்தால் சொல்லவே வேண்டாம், கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிட்டன. ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே அளவு அமிலத்தை ஒரு லிட்டர் வெறும் நீரில் விட்டால் 7லிருந்து 2க்கு விழும். இங்கே 0.09 மட்டும்.

பிஎச் தந்து விகிதம் கேட்டால்

பிஎச் 5.00 வேண்டும். 5.00 − 4.74 = 0.26. இதையே விகிதமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். அது லாக், எதிர்மடக்கை எடுத்தால்தான் விகிதம், 1.82. உப்பு அதிகம் தேவை என்று மனசுக்குத் தெரிகிறதல்லவா, 0.26 எப்படிச் சரியாகும்?

ஐந்து அலகு தள்ளி விடை

பாஸ்பேட் தாங்கலாக இருக்கும். பாஸ்பாரிக் அமிலத்துக்கு மூன்று பிகேஏ: 2.15, 7.20, 12.35. பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துப் போட்டிருப்பீர்கள். கரைசலில் கூடவே இருக்கும் இரண்டு பேர் யார் என்று பாருங்கள். சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் என்றால், அவர்களுக்கு இடையில் இருப்பது இரண்டாவது படி, 7.20. சிட்ரிக் அமிலத்தில் மூன்று பிகேஏக்களும் (3.13, 4.76, 6.40) நெருக்கியடித்து நிற்பதால் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு அங்கே துல்லியமாக வராது.

அம்மோனியா தாங்கலுக்கு 4.74 வருவதும் இதே சாயல். அம்மோனியாவின் கார மாறிலியும் 1.8 × 10⁻⁵ என்பது இயற்கை செய்த குறும்பு. நீங்கள் கண்டுபிடித்தது பிஓஎச், அதாவது ஹைட்ராக்சைடு அயனிக்கான அளவு. 14லிருந்து கழித்தால் 9.26.

ரத்தத்தின் பிஎச் 5.88

ஆள் உயிரோடு இருக்க மாட்டார்! பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் என்று தந்திருப்பார்கள். 24ஐ 40ஆல் வகுத்துவிட்டீர்கள். 40 என்பது அழுத்தம், செறிவில்லை. கார்பன் டை ஆக்சைடின் கரைதிறன் எண்ணான 0.03ஆல் பெருக்கினால் 1.2 மில்லிமோல். 24 ÷ 1.2 = 20, அதன் லாக் 1.30, உடல் வெப்பநிலையில் பிகேஏ 6.1. கூட்டினால் 7.40. அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் தந்தால் 0.03க்குப் பதில் 0.23. ஹெண்டர்சன் 1908இல் தந்த சமன்பாட்டை 1916இல் ஹாசல்பால்க் லாக் வடிவத்துக்கு மாற்றியது ரத்தத்தைக் கணக்கிடத்தான். அசிடேட் நம் பள்ளிக்கூடத்து வசதிக்கு வந்தது.

விகிதம் 20 என்பதால் நான் முதலில் சொன்ன வேலியை இது தாண்டுகிறதே என்று கேட்கலாம். ஆம். கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் அவ்வப்போது வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் உடலுக்கு அது கட்டுப்படியாகிறது. மூடிய பீக்கரில் ஆகாது.

கணக்கு சரி, மீட்டர் ஒத்துக்கொள்ளவில்லை

முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

சரியாக 0.22 குறைவு என்றால் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். நீரற்ற சோடியம் அசிடேட்டின் மோலார் நிறை 82.03, மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகத்துக்கு 136.08. 82ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் படிகத்தை எடையிட்டால், போக வேண்டிய உப்பில் 60 சதவீதம்தான் உள்ளே போகும். லாக் 0.6 என்பது −0.22. கல்லூரி நாட்களில் இதற்காக நான் ஒரு மதியம் முழுக்க மீட்டரைத் திட்டியிருக்கிறேன். எலக்ட்ரோடைக் கழுவி, மறுபடி அளவீடு செய்து, காய்ச்சி வடித்த நீரையே மாற்றிப் பார்த்து, கடைசியில்தான் அலமாரியில் இரண்டு அசிடேட் பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டது.

0.1 அளவுக்குக் குறைவு என்றால் யார் மீதும் தப்பில்லை. அமிலமும் உப்பும் 0.1 மோலார் வீதம் உள்ள அசிடேட் தாங்கலில் மீட்டர் 4.65 அருகே காட்டும். மீட்டர் பார்ப்பது செறிவை அல்ல, அயனியின் செயல்திறனை. கூட்டத்தில் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் அசிடேட் அயனியின் செயல்திறன் செறிவைவிடக் குறைவு, அதனால் உப்பு குறைந்ததுபோல் பிஎச் இறங்குகிறது. மின்சுமை கூடக் கூட இந்த விளைவும் கூடும். அதனால் பாஸ்பேட்டில் அடி பலமாக விழும்: அயனி வலிமை 0.1 இருந்தாலே 7.20 என்ற பிகேஏ 6.9 அருகே இறங்கிவிட்டதுபோல் நடந்துகொள்ளும். தேர்வுத்தாளில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

குளிர்பெட்டியில் வைத்ததும் மாறிவிட்டது என்றால், அது பெரும்பாலும் டிரிஸ் என்ற, உயிர்வேதியியல் ஆய்வகங்களில் பயன்படும் தாங்கல். ஒரு டிகிரிக்கு 0.028 வீதம் நகரும். 25 டிகிரியில் சரிசெய்து 4 டிகிரியில் பயன்படுத்தினால் 0.6 அளவுக்கு ஏறியிருக்கும். அசிடேட் இந்த விஷயத்தில் சாது.

அமிலமே கொஞ்சம் வலுவானதாகவோ, கரைசல் மிக நீர்த்ததாகவோ இருந்தாலும் இடிக்கும். குளோரோ அசிட்டிக் அமிலத்துக்குப் பிகேஏ 2.87. அமிலமும் உப்பும் 0.01 மோலார் வீதம் என்றால் சமன்பாடு 2.87 என்கிறது. ஆனால் அந்த அமிலம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தானாகவே பிரிந்துவிடுகிறது. ‘போட்டதுதான் இருக்கிறது’ என்ற நம் அனுமானம் நிற்காது. பிரிந்த அளவை அமிலத்தில் கழித்து, உப்பில் கூட்டி, இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் 2.96. சோதிப்பது சுலபம்: வந்த பிஎச்சிலிருந்து ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் கண்டுபிடியுங்கள், அது அமிலச் செறிவில் 5 சதவீதத்தைத் தாண்டினால் குறுக்குவழி செல்லாது.

இவை எதுவுமே இல்லை என்றால் மீட்டரைப் பாருங்கள். அளவீட்டுக்கு வைத்திருக்கும் 4, 7, 9.2 தாங்கல்களில் 4ஐயும் 7ஐயும் புதிதாகக் கரைத்து அளவீடு செய்யுங்கள். போன மாதம் கரைத்து வைத்த 9.2 காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறங்கியிருக்கும், அதை நம்பாதீர்கள். பிறகு கணக்குப்படி எடையிட்டு, மொத்த நீரில் முக்கால் பங்கில் கரைத்து, மீட்டரைப் பார்த்தபடி சோடியம் ஹைட்ராக்சைடையோ அசிட்டிக் அமிலத்தையோ துளித்துளியாக விட்டு வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவந்து, அளவுக்குடுவையில் கோடு வரை நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். ஊற்றிய பிறகு 0.02, 0.03 நகர்ந்தால் அப்படியே விட்டுவிடலாம்.